புல்லட்டைச் சாப்பராக்கிய பிறகு வரும் தொந்தரவுகள்: அறிகுறியை வைத்துக் காரணம் பிடிப்பது எப்படி?

புல்லட்டை முன்சக்கரம் நீட்டிய சாப்பராக மாற்றியாயிற்று, பெயிண்ட் காய்ந்தாயிற்று, குரோம் பூசிய ஹேண்டில்பார் மின்னுகிறது. முதல் தடவையாகத் தெருமுனை டீக்கடை வரை ஓட்டிவிட்டு வருகிறீர்கள். எங்கேயோ சரியில்லை. கூடி நிற்பவர்களில் பாதிப் பேர் அந்த நிமிடமே இன்ஜினைத் திறக்கச் சொல்வார்கள். திறக்காதீர்கள். இன்ஜின் நேற்று வரை செய்த வேலையைத்தான் இன்றும் செய்கிறது. மாறியது அதைச் சுற்றியுள்ள இரும்பு. ஹேண்டில் திரும்பும் கழுத்தை வெட்டினீர்கள், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கை நீட்டினீர்கள், பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்மைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத்தைக் கட்டைபோல் வெல்டு செய்தீர்கள். தொந்தரவை முதலில் அங்கே தேட வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் காஸ்ட் அயர்ன் இன்ஜின் வைத்த பழைய புல்லட் 350-க்கு. 346 சி.சி., 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், நான்கு கியர், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். கம்பெனியிலிருந்து வரும்போது இரண்டு சக்கரமும் 19 இன்ச், இரண்டு டயரும் 3.25, சக்கரத்துக்குச் சக்கரம் 1370 மி.மீ. இந்த எண்களை மனதில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

ஒரு கட்டுப்பாடு: ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றி ஓட்டிப் பாருங்கள். கோன்செட்டை (கழுத்துக்குள் ஹேண்டில் சுழல உதவும் பேரிங்) இறுக்கி, டயர் காற்றையும் மாற்றி, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டையும் மாற்றிவிட்டால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

மெதுவாகத் திரும்பும்போது முன்சக்கரம் ஒரு பக்கமாக விழுகிறது

நேர் ரோட்டில் வண்டி தண்டவாளத்தில் போவதுபோல் போகும். யூ-டர்ன் அடிக்கும்போதோ சந்துக்குள் நுழையும்போதோ மட்டும் ஹேண்டில் முதலில் கனக்கும், அப்புறம் சட்டென்று உள்பக்கம் விழும். அந்த நொடியில் கால் ஊன்றவில்லை என்றால் வண்டியும் விழும். இது ட்ரெயில் அதிகமானதன் அடையாளம்.

ட்ரெயில் என்றால் என்ன என்பதை ஒரு தடவை தரையில் வரைந்து பார்த்துவிட்டால் மறக்காது. ஹேண்டில் எந்த அச்சில் திரும்புகிறதோ, அந்தக் கழுத்து அச்சை அப்படியே கீழே நீட்டினால் தரையில் ஓர் இடத்தைத் தொடும். முன் ஆக்சிலிலிருந்து நேர் கீழே டயர் தரையைத் தொடுவது இன்னோர் இடம். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் ட்ரெயில்.

அளக்கக் கம்ப்யூட்டர் வேண்டாம். கொத்தனாரின் தூக்குக்குண்டும், ஒரு நீளமான நேர்க் கம்பியும், சாக்பீஸும் போதும். சமதளமான சிமெண்ட் தரையில் வண்டியை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ஓட்டுபவர் மேலே உட்கார்ந்தே இருக்க வேண்டும், ஏனென்றால் ஃபோர்க் அமுங்கினால் கணக்கு மாறும். கழுத்துக் குழாயின் பக்கவாட்டில், அதற்கு இணையாகக் கம்பியை வைத்துத் தரை வரை நீட்டித் தொடும் இடத்தில் ஒரு கோடு. ஆக்சில் நட்டின் நடுவிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு இன்னொரு கோடு. நடுவில் டேப்பை வையுங்கள்.

இப்போது எண்களைப் பார்ப்போம். கழுத்து 27 டிகிரி சாய்ந்திருக்கிறது, டீ-யின் (இரண்டு ஃபோர்க் குழாயையும் கழுத்தோடு சேர்க்கும் மேல், கீழ்ப் பிடிகள்) ஆஃப்செட், அதாவது கழுத்து அச்சிலிருந்து ஃபோர்க் முன்னால் தள்ளி நிற்கும் தூரம், 60 மி.மீ., தரையிலிருந்து ஆக்சில் உயரம் 315 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் ட்ரெயில் சுமார் 93 மி.மீ. வரும். வேறு எதையும் தொடாமல் கழுத்தை மட்டும் 40 டிகிரிக்குச் சாய்த்தால் அது 186 ஆகிவிடும், சரியாக இரட்டிப்பு. கழுத்தைச் சாய்த்து வெல்டு செய்து, பழைய டீ-யையே மாட்டிய எல்லா வண்டிக்கும் இந்தக் கதைதான். படத்தில் நன்றாக இருக்கும், டீக்கடை வாசலில் மானத்தை வாங்கும்.

இதற்காக மறுபடி கழுத்தை வெட்ட வேண்டாம். டீ-யை மாற்றுங்கள். ஆஃப்செட்டை 110-க்குக் கொண்டுபோனால் அதே 40 டிகிரியில் ட்ரெயில் சுமார் 120-க்கு இறங்கும். அல்லது ஃபோர்க்கைக் கழுத்தைவிட 3 டிகிரி கூடுதலாகச் சாய்த்துப் பிடிக்கும் டீ போடலாம். 850 மி.மீ. நீள ஃபோர்க் என்றால் அதுவும் ஏறக்குறைய 130-க்குள் கொண்டுவந்துவிடும். நான் 100-லிருந்து 130 வரை வைத்துக்கொள்வேன். அதற்கு மேல் போனால் ஊருக்குள் கை வலிக்கும்.

புல்லட்டுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. இதில் ஹெட்லைட் டூம்தான் மேல் டீ. இரண்டு ஃபோர்க் குழாயும் மேலே அந்த டூமுக்குள்தான் போய் நிற்கின்றன. டூமைத் தூக்கி எறிந்துவிட்டு அழகுக்காக ஒரு தகட்டை வெட்டிப் போட்டால் குழாய்களுக்கு மேலே பிடிமானமே இருக்காது. மேல் டீ, கீழ் டீ இரண்டையும் ஒரே லேத்தில், ஒரே செட்டிங்கில் துளை போட வேண்டும். மேலும் கீழும் துளைகளின் இடைவெளி அரை மில்லி மாறினாலும் குழாய் வளைந்தபடிதான் உட்காரும்.

ஐம்பது அறுபதில் ஹேண்டில் உதறுகிறது

மேலே சொன்னதற்கு நேர் எதிரான நோய், இதுதான் ஆளைக் கொல்வது. உதறும்போது முன் பிரேக்கை அழுத்தாதீர்கள், த்ராட்டிலைச் சட்டென்று மூடவும் வேண்டாம். மெதுவாகக் குறைத்து, ஹேண்டிலை இறுக்காமல் பிடியுங்கள். சாதாரண வண்டியில் டேங்கை முழங்காலால் அணைத்துக்கொள் என்பார்கள். கால் இரண்டும் முன்னால் நீட்டியிருக்கும் சாப்பரில் அதற்கும் வழியில்லை. ஆகவே வீட்டிலேயே கண்டுபிடிப்பது நல்லது.

பைசா செலவில்லாததிலிருந்து ஆரம்பியுங்கள். டயர் காற்று, டயர் ரிம்மில் வட்டமாக உட்கார்ந்திருக்கிறதா, ஸ்போக்குகள் எல்லாம் தட்டினால் ஒரே மாதிரி ஒலிக்கின்றனவா. ஒன்றிரண்டு ஸ்போக் மட்டும் தகரம்போல் மந்தமாகக் கேட்டால் அங்கே தளர்வு.

அப்புறம் கோன்செட். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். ‘டக்’ என்றால் லூஸ். இப்போது ஹேண்டிலை ஒரே விரலால் மெதுவாக இடமிருந்து வலம் கொண்டுபோங்கள். நடுவில் வரும்போது ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் சிக்கினால் ரேஸில் (பேரிங் குண்டுகள் உருளும் வளையத்தில்) குண்டு பதிந்து குழி விழுந்திருக்கிறது. எவ்வளவு கிரீஸ் வைத்தாலும் அது போகாது. செட்டையே மாற்ற வேண்டும். உதறுகிறதே என்று கோன்செட்டை வெறியோடு இறுக்குகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் உதறல் போய், வண்டி குடித்தவன்போல் நெளிந்து நெளிந்து போகும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் உதறினால் ட்ரெயிலை அளங்கள். குறைந்திருக்கும். எப்படிக் குறையும்? கழுத்தை வெட்டப் பயந்து, கழுத்தைத் தொடாமலேயே சாய்வு டீ வாங்கி மாட்டுவார்கள். பார்வைக்கு ஃபோர்க் நீட்டிக்கொண்டு சாப்பர் மாதிரியே இருக்கும். ஆனால் 27 டிகிரி கழுத்தில் 5 டிகிரி சாய்வு டீ போட்டால், 700 மி.மீ. ஃபோர்க்கில் ஆக்சில் கூடுதலாக 60 மி.மீ. முன்னால் தள்ளப்படும். 93-ஆக இருந்த ட்ரெயில் சுமார் 25-க்கு விழும். அந்த வண்டி நாற்பது வரை வெண்ணெய், அதற்கு மேல் பேய். சாய்வு டீ என்பது ஏற்கெனவே சாய்த்த கழுத்துக்கு ட்ரெயிலைக் குறைக்கும் மருந்து. சாய்க்காத கழுத்துக்கு அதே மருந்து விஷம்.

இதற்குத் தீர்வு ஸ்டீயரிங் டாம்பர் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது உதறலை மறைக்கும், காரணம் அப்படியே இருக்கும். டீ-யைக் கழற்றுங்கள், கழற்றும்வரை ஓட்டாதீர்கள்.

ஃபோர்க்கை நீட்ட, பழைய குழாயின் மேலே மரை போட்டு ஒரு துண்டைச் சேர்த்திருந்தால் அதையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். சேர்த்த இடம் மேல் டீ-க்கும் கீழ் டீ-க்கும் நடுவில் வெற்றிடத்தில் நின்றால், குழியில் இறங்கும் ஒவ்வொரு அடியையும் அந்த மரைதான் வாங்கும். ஒரே துண்டாக நீளக் குழாய் கடைந்து போடுவது ஒன்றுதான் நான் ஒத்துக்கொள்ளும் வழி.

கையை விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

இதில் நானே பட்டிருக்கிறேன். என் முதல் ஃபிரேமை, இன்ஜினை இறக்கிவிட்டு, வெறும் ஃபிரேமாக ஒரு வெல்டிங் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெட்டி, சாய்த்து, பின்பக்கம் கட்டை போட்டுக் கொடுத்தார்கள். வெல்டு பார்க்க அழகாகவே இருந்தது. வீட்டுக்கு வந்து இன்ஜினை ஏற்றினால் முன் போல்ட்டு துளை ஒன்று சேரவில்லை. கடப்பாரையைக் கொடுத்து நெம்பி, போல்ட்டை அடித்து உள்ளே தள்ளினோம். ‘சேர்ந்துவிட்டது’ என்று டீ குடிக்கப் போனோம். சேரவில்லை, ஃபிரேம் முறுக்கிக்கொண்டு சேர்வதுபோல் நடித்தது. ஓட்டினால் இடது பக்கம் இழுப்பு. நூல் பிடித்துப் பார்த்தபோது பின்சக்கரம் இரண்டு நூல் தள்ளி, அதாவது ஆறு மில்லிக்கு மேல், நின்றது.

காரணம் புல்லட்டின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. இந்த ஃபிரேமுக்கு அடியில் முழுத் தொட்டில் கிடையாது. முன் குழாய் இறங்கி இன்ஜினோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து பின்னால் கியர்பாக்ஸ் பிளேட் வரை இன்ஜினே ஃபிரேமின் ஓர் உறுப்பு. இன்ஜின் இல்லாத புல்லட் ஃபிரேம் வாய் திறந்த கிடுக்கி மாதிரி. அதில் வெல்டு சூடு பட்டால் இஷ்டத்துக்குத் திறக்கும், மூடும், முறுக்கும்.

சரிபார்க்க: பின் டயரின் இரண்டு விளிம்பையும், முன் விளிம்பு பின் விளிம்பு இரண்டையும், தொடும்படி இரண்டு பக்கமும் நூலைக் கட்டி முன்சக்கரம் வரை இழுங்கள். தரையிலிருந்து அரை அடி உயரத்தில். பின் டயர் 130 மி.மீ., முன் டயர் 90 மி.மீ. என்றால் முன் டயரின் இரண்டு பக்கமும் நூலுக்கும் டயருக்கும் 20 மில்லி இடைவெளி இருக்க வேண்டும். ஒரு பக்கம் 12, மறு பக்கம் 28 என்றால் சக்கரம் ஒரு பக்கம் தள்ளியிருக்கிறது. இடைவெளி டயரின் முன்னால் ஒன்று, பின்னால் வேறொன்று என்றால் முன்சக்கரத்தை நேராக வைக்கவில்லை, வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். பிறகு இரண்டு சக்கரத்திலும் தூக்குக்குண்டை விடுங்கள். பின்சக்கரம் செங்குத்தாக இருக்கும்போது முன்சக்கரம் சாய்ந்து தெரிந்தால் அது முறுக்கு.

தள்ளல் ஒன்றிரண்டு மில்லி என்றால் ஆக்சில் ஸ்பேசரில் சரிக்கட்டலாம். முறுக்கு என்றால் வெட்டித்தான் ஆக வேண்டும். இந்தத் தடவை உள்ளே ஒன்றும் இல்லாத காலி கிராங்க்கேஸும் கியர்பாக்ஸ் கூடும் வாங்கி, எல்லாப் போல்ட்டும் பூட்டிய பிறகே வெல்டு வைக்கச் சொல்லுங்கள். சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது, தேடினால் விரிசல் விட்ட கிராங்க்கேஸ் பழைய இரும்பு விலைக்கே கிடைக்கும். இந்த வேலைக்கு விரிசல் ஒரு பொருட்டே இல்லை. நான் வாங்கியது இன்னும் கிடக்கிறது, நண்பர்கள் இரவல் வாங்கிப் போகிறார்கள்.

செயின் உரசுகிறது, ஒரு பக்கமாகத் தேய்கிறது

பெரும்பாலும் பின் டயர் ஆசை. 3.25 போன இடத்தில் அகல டயர் போட்டால் இடப்பக்கம் செயின் டயரை நக்கும். புல்லட்டில் பின் ஸ்ப்ராக்கெட்டும் பிரேக் ட்ரமும் ஒரே வார்ப்பு. ஆகவே மற்ற வண்டிபோல் ஸ்ப்ராக்கெட்டை மட்டும் வெளியே தள்ள முடியாது. முன் ஸ்ப்ராக்கெட்டைத் தள்ளினால் கியர்பாக்ஸ் பேரிங்கின் ஆயுளைக் குடிக்கும். ஸ்போக்கை மறுபடி கட்டி ரிம்மைச் சில மில்லி வலப்பக்கம் நகர்த்தலாம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு சைஸ் சின்ன டயர் போடுவதே கௌரவம்.

டயர் உரசவில்லை, செயினின் உள் தகடு மட்டும் பளபளவென்று தேய்கிறது என்றால் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஒரே கோட்டில் இல்லை. நேரான இரும்புப் பட்டையைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் முகத்தில் ஒட்டி முன்னால் நீட்டினால் தெரிந்துவிடும்.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் வண்டி அணைகிறது, ஐந்து நிமிடம் நின்றால் மறுபடி ஓடுகிறது

அணைந்த உடனே டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால் வேலை முடிந்தது. பெயிண்ட் அடிக்கும்போது மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. ஊசியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

சத்தம் வரவில்லையா? கார்புக்கு, அதாவது கார்புரேட்டருக்கு, போகும் பெட்ரோல் பைப்பைக் கழற்றிப் பாட்டிலில் விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் கொட்ட வேண்டும். சின்ன டேங்கை அழகுக்காகத் தாழ்த்தி, சட்டத்தை ஒட்டி வைத்திருந்தால் டேங்க்கின் அடிக்கும் கார்புக்கும் உயரமே இருக்காது. பாதி டேங்க் தீர்ந்ததும் பெட்ரோல் இறங்க மறுக்கும். டேங்கின் வலப் பாதியில் பெட்ரோல் குலுங்கிக்கொண்டு, இடப் பாதி காய்ந்திருப்பதும் நடக்கும். இரண்டு பாதியையும் அடியில் ஒரு பைப்பால் இணைத்துவிட வேண்டும்.

கொட்டுவதும் சரியாக இருக்கிறதா? அப்படியானால் இன்ஜின் சாய்வு. ஃபோர்க்கை நீட்டி வண்டியின் மூக்கைத் தூக்கினால் இன்ஜினும் சேர்ந்து பின்னால் சாயும். 1500 மி.மீ. சக்கர இடைவெளியில் முன்பக்கம் 100 மி.மீ. உயர்ந்தால் ஏறக்குறைய 4 டிகிரி. கார்புக்குள் பெட்ரோல் அளவைக் காக்கும் மிதவையின், அதாவது ஃப்ளோட்டின், மட்டம் சமதளத்துக்குச் செய்த கணக்கு. சாய்ந்தால் ஒன்று வழியும், இல்லை காயும். ஃபிரேம் வெட்டும் முன்பே ரசமட்டத்தை இன்ஜின் ஹெட்டின் மேல் வைத்துக் குறித்துக்கொள்வது புத்திசாலித்தனம். இப்போது செய்ய வேண்டியது, கார்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஆப்பு வடிவில் ஒரு அலுமினியத் துண்டைக் கடைந்து வைத்து, கார்பை மட்டும் நிமிர்த்துவது.

இதே சாய்வு ஆயிலையும் ஏமாற்றும். பழைய புல்லட்டில் ஆயில் தொட்டி கிராங்க்கேஸுக்குள்ளேயே ஓர் அறை. வண்டி சாய்ந்தால் குச்சியில் தெரியும் மட்டமும் பொய். ஆயிலை முழுக்க வடித்து, புத்தகத்தில் உள்ள அளவை அளந்து ஊற்றி, சில நிமிடம் இன்ஜினை ஓட்டிவிட்டு, குச்சியில் புதுக் கோடு கீறிவிடுங்கள். ஓட்டாமல் குச்சியைப் பார்க்காதீர்கள். நின்ற வண்டியில் ஆயில் மெல்லத் தொட்டியிலிருந்து கிராங்க் அறைக்கு இறங்கியிருக்கும். குறைவு என்று நினைத்து ஊற்றினால், ஸ்டார்ட் செய்ததும் தெருவே புகை.

த்ராட்டிலை மூடினால் வெடிக்கிறது

குட்டையான புகைப் பைப் போட்டவர்கள் எல்லோரும் கேட்பது. முதலில் ஹெட்டும் அதிலிருந்து புகையைக் கொண்டுபோகும் பெண்டு பைப்பும் சேரும் இடத்தில் காற்று நுழைகிறதா பாருங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, சோப்புத் தண்ணீரைத் துணியால் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். அங்கே ஒழுக்கை அடைத்தாலே பாதி வெடி நின்றுவிடும்.

மீதிக்குப் பிளக்கைக் கேளுங்கள். நல்ல வேகத்தில் ஓட்டி, த்ராட்டிலை விடாமலேயே சாவியை அணைத்து, கிளட்சைப் பிடித்து ஓரம் கட்டிப் பிளக்கைக் கழற்றுங்கள். டீ நிறம் என்றால் சரி. சுண்ணாம்பு வெள்ளை என்றால் பெட்ரோல் போதவில்லை. மெயின் ஜெட் 90 இருந்தால் 95, அப்புறம் 100 என்று ஒவ்வொரு படியாக ஏறுங்கள், ஒவ்வொரு தடவையும் பிளக்கைப் பாருங்கள். கறுப்பு என்றால் இறங்குங்கள். ஜெட்டை ஏற்றாமல் வெள்ளைப் பிளக்கோடு வெயிலில் நெடுஞ்சாலை ஓட்டினால் பிஸ்டன் பிடிக்கும். அதற்கப்புறம் நிஜமாகவே இன்ஜினைத் திறக்க வேண்டியதுதான்.

பைப்புக்குள் ஒரு தடுப்புத் துண்டையாவது வையுங்கள். கீழ்வேகத்தில் இழுவை திரும்ப வரும், பக்கத்து வீட்டுக்காரரும் பேசுவார்.

கியர் விழுவதில்லை, விழுந்தாலும் தவறாக விழுகிறது

முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. பெடலை முன்னால் கொண்டுபோகக் கம்பி போடும்போது, லிவரை மேல்நோக்கி வைத்தால் ஒரு மாதிரி, கீழ்நோக்கி வைத்தால் தலைகீழ். தலைகீழாகிவிட்டது என்றால் லிவரை மட்டும் திருப்புங்கள். கியர் நடுவில் நியூட்ரலில் தொங்குவது இந்தப் பெட்டிக்குப் பிறவிக் குணம், ஆனால் கம்பி போட்ட பிறகு அதிகமானால் மூட்டுகளின் ஆட்டம்தான் காரணம். இரண்டு முனையிலும் கொஞ்சம் ஆடினாலும் பெடலில் அது பெரிதாகத் தெரியும். பந்து மூட்டு உள்ள ராட் எண்ட் போட்டு, கம்பியைக் கனமாகப் போடுங்கள். வளையும் கம்பி கியரைப் பாதியில் விட்டுவிடும்.

வலப்பக்கம் உயரமாகப் பைப் போட்டவர்களுக்கு: கிக்கர் முழுசாக இறங்குகிறதா என்று இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள்.

பிரேக் பிடிப்பதில்லை

முன் பிரேக்கே வேண்டாம், மெல்லிய சக்கரம்தான் அழகு என்பவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

ஃபோர்க் காலை மாற்றியவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: பிரேக் பிளேட் சுற்றாமல் தடுக்கும் பிடி. கம்பெனி ஃபோர்க்கில் அதற்கென்று இடம் இருந்தது. வேறு கால் போடும்போது அது போய்விடும். ஆக்சில் நட்டின் இறுக்கத்தை மட்டும் நம்பி ஓட்டினால், ஒருநாள் அழுத்திப் பிடிக்கும்போது பிளேட் சக்கரத்தோடு சுற்றி, கேபிளைச் சுருட்டி, சக்கரத்தைப் பூட்டிவிடும். கனமான ஒரு பட்டையால் பிளேட்டை ஃபோர்க்கோடு கட்டுங்கள், போல்ட்டுக்குப் பூட்டு நட்டும் போடுங்கள்.

பின் பிரேக்கில், ஷூ ட்ரம்மைக் கடிக்கும் நேரத்தில் லிவருக்கும் கம்பிக்கும் நடுவே செங்கோணம் வர வேண்டும். அதைத் தாண்டிப் போனால் எவ்வளவு மிதித்தாலும் பலம் வீண். ஷூ தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், லிவரைப் பல் தள்ளி மாட்டி ஏமாற்ற வேண்டாம்.

லைட் மங்குகிறது, பிரேக் போட்டால் ஹாரன் முனகுகிறது

எர்த். ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங் போட்டவர்கள் எல்லோரும் இதை ஒரு தடவை அனுபவிப்பார்கள். கோட்டிங் கரண்டைக் கடத்தாது. போல்ட்டு உட்காரும் இடத்தில் சுரண்டி வெறும் இரும்பைக் காட்டுங்கள். அதைவிட நல்லது, பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்கும், ஹெட்லைட்டுக்கும், பின் லைட்டுக்கும் தனித்தனி கறுப்பு வயர்.

டூமோடு ஆம்ப் மீட்டரும் போய்விட்டதா? பழைய புல்லட்காரர்கள் அந்த முள்ளைப் பார்த்துத்தான் கிக் அடிப்பார்கள். சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தினால், பாயிண்ட் (பிளக்குக்குப் பொறி விடும் சுவிட்ச்) மூடியிருக்கும்போது முள் இடப்பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி டீகம்ப்ரஸரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் லிவர்) பிடித்துப் பிஸ்டனைக் கொஞ்சம் தாண்டவிட்டு ஓர் உதை. முள் இல்லாமல் தடவித் தடவி உதைத்து, கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்கியவர்கள் உண்டு. அந்த மீட்டரை டேங்கின் பக்கத்தில் சின்னப் பிடி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பருக்கு அழகு கெடாது.

அதிர்வு முன்பைவிட அதிகம்

இன்ஜினைத் தொடவே இல்லை, ஆனாலும் கை மரத்துப்போகிறது என்றால் ஹெட்டிலிருந்து மேல் குழாய்க்குப் போகும் பட்டை இருக்கிறதா பாருங்கள். டேங்கை மாற்றும்போது ‘இது எதற்கு’ என்று கழற்றிப் போட்டிருப்பார்கள். இன்ஜின் தலையாட்டாமல் பிடித்திருந்ததே அதுதான்.

பட்டையைப் போட்ட பிறகும் ஃபிரேமைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்து ஒரு சுற்றுப் பாருங்கள். கழுத்து, பின் கட்டை சேரும் இடம், டேங்க் பிடிகள். வெல்டின் ஓரத்தில் பெயிண்டில் முடி அளவு கோடு, அதிலிருந்து துருக் கண்ணீர் வழிந்த பழுப்புத் தடம் தெரிந்தால் அது விரிசல். சந்தேகமாக இருந்தால் மூன்று டப்பாவாக வரும் சிவப்புச் சாயச் சோதனை செய்யுங்கள். துடைப்பான், சிவப்புச் சாயம், வெள்ளைப் பவுடர். வெள்ளையில் சிவப்புக் கோடு ஊறி வந்தால் உறுதி. டேங்க் பிடியில் என்றால் விரிசலின் முனையில் துளை போட்டு, கோட்டைத் தோண்டி எடுத்து, மறுபடி வெல்டு செய்யலாம். கழுத்தில் என்றால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். மேலே இன்னொரு வெல்டு ஓட்டி மூடுவது ஏமாற்று வேலை. தையல் இல்லாத குழாய், உள்ளே ஒரு துண்டுக் குழாய், வெளியே முக்கோணத் தகடு என்று அந்தப் பகுதியை முழுசாகப் புதிதாகக் கட்ட வேண்டும்.

ரோட்டில் நிறுத்துகிறார்கள்

இதையும் தொந்தரவுக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறித்துக் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடை போடுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கழுத்து ஒன்று, பின் கட்டை ஒன்று, பைப் ஒன்று என்று கூட்டிப் பாருங்கள்.

சேசிஸ் நம்பர் அடித்த இடத்தில் கிரைண்டரும் வைக்காதீர்கள், பட்டியும் பூசாதீர்கள். பழைய வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிந்ததும், பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறையும் ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது அதைத்தான் முதலில் தேடுவார்கள். நம்பர் தெரியாத ஃபிரேமுக்கு எந்தப் பேச்சும் எடுபடாது. கழற்றிய டூம், சைலன்சர், மட்கார்டு, ஸ்விங் ஆர்ம், ஷாக்ஸ் எல்லாவற்றையும் எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டிப் பரண்மேல் போடுங்கள். காயலான் கடைக்காரர் கிலோ கணக்கில் விலை சொல்வார், கொடுக்காதீர்கள். எனக்கு ஒரு டூமைத் திரும்ப வாங்க, அன்று விற்ற மொத்தப் பணமும் போதவில்லை.